பனை விதை கேட்டு எழுதிய தம்பிக்கு



உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்திக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். வேலை விஷயமாக மடகாஸ்கர் போயிருக்கும் உங்கள் நண்பர், திரும்பும்போது பத்துப் பனை விதைகளைக் காலுறைக்குள் சுருட்டிப் பெட்டியின் அடியில் வைத்துக் கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்றைக்கே அவரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். மற்றதை அதற்குப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

உங்கள் ஆசை எனக்குத் தெரியாததல்ல. பொள்ளாச்சிப் பக்கம் அப்பாவின் தென்னந்தோப்புக்கு நடுவே அரை ஏக்கரை ஒதுக்கி, உலகத்துப் பனைகளை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பனைக் குடும்பத்தில் ஏறத்தாழ 2,600 இனங்கள் உண்டு. நாம் பார்த்து வளர்ந்ததோ பனை, தென்னை, ஈச்சை, கமுகு, கூந்தற்பனை என்று ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். பிஸ்மார்க் பனையின் படத்தை, அந்த வெள்ளி பூத்த நீல இலைகளை, முதன்முதலில் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவும் மடகாஸ்கர்ப் பிள்ளைதான். கல்யாண மண்டப வாசலிலும் வங்கி வரவேற்பறையிலும் தொட்டியில் நிற்கிறதே அரேகா பாம், அதன் தாய்வீடும் அந்தத் தீவின் கிழக்குக் காடுகள்தான். எங்கிருந்தோ வந்த விதைகள் நம் மண்ணில் வேர்விட்டதால்தான் நம் தோட்டங்கள் இப்படி இருக்கின்றன. அதனால் விதையே வரக்கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அது எந்த வாசல் வழியாக வருகிறது என்பதுதான் என் கவலை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன், வெளிநாட்டு விதை வியாபாரி ஒருவரிடம் கேனரித் தீவு ஈச்சை விதை முப்பது வாங்கினேன். அனுமதி எடுக்கவில்லை, சான்றிதழும் கேட்கவில்லை. தபாலில் ஒரு சின்ன உறை வரப்போகிறது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். உறை பிடிபட்டது. நேரில் வரச் சொன்னார்கள். சண்டை போடும் மனதோடுதான் போனேன். அங்கே இருந்த அதிகாரி எதுவும் பேசாமல், என் விதைகளில் ஒன்றை வெள்ளைத் தட்டில் வைத்து, ஒரு பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்தார். விதையின் ஓரத்தில் குண்டூசி குத்தியது போல ஒரு துளை. செடி வெட்டும் கத்தரியால் அதைப் பிளந்தார். உள்ளே மாவு மாதிரி தூள், தூளுக்குள் பழுப்பாக ஒரு வண்டு, அதைச் சுற்றிப் புழுக்கள், கூட்டுப்புழுக்கள், வெளிறிய நிறத்தில் இளவண்டுகள். இரண்டு மில்லிமீட்டர் நீளம்கூட இருக்காது. ஒரு கொட்டைக்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. "சார், இது ஒரு விதையில. நீங்க முப்பது வாங்கியிருக்கீங்க" என்றார்.

அது பேரீச்சங்கொட்டை வண்டு. கொட்டையைத் துளைத்து உள்ளே போகும் பெண் வண்டு அங்கேயே முட்டையிடுகிறது. பிறக்கிற அண்ணன் தங்கைகள் கொட்டைக்குள்ளேயே இணை சேர்ந்துவிடுகின்றன. வெளியே வரும்போது பெண் வண்டுகள் கருவுற்றுத்தான் வருகின்றன. இன்னும் ஒரு படி மேலே போனால், இணை சேராத பெண்ணும் முட்டையிடும். அந்த முட்டைகளில் ஆண்கள் மட்டுமே பிறக்கும். அந்த மகனோடு சேர்ந்து அது அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும். ஒரு நாட்டில் காலூன்ற அதற்கு ஒரே ஒரு பெண் வண்டு போதும். இந்தக் குறிப்பிட்ட வண்டு ஏற்கெனவே பல நாடுகளில் பரவிவிட்ட ஒன்றுதான். ஆனால் அதிகாரி எனக்குக் காட்டியது வண்டை அல்ல, அது வந்த வழியை. அடுத்த விதைக்குள் என்ன இருக்கும் என்று பூதக்கண்ணாடி இல்லாத நான் எப்படிச் சொல்வேன்? என் முப்பது விதைகளையும் எரித்தார்கள். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

உங்கள் அப்பாவிடம் 1998-க்குப் பிந்தைய வருடங்களைப் பற்றிக் கேளுங்கள். அந்த வருடம்தான் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஈரியோபைட் சிலந்தியை முதலில் கண்டார்கள். 1965-ல் மெக்ஸிகோவின் குரேரோ மாநிலத்துத் தேங்காயிலிருந்து அறிவியலுக்கு அறிமுகமான உயிர் அது. கண்ணுக்கே தெரியாது. இளங்காயின் காம்படித் தொப்பிக்குள் ஒளிந்துகொண்டு சாறு உறிஞ்சும். காய் வளர வளர அந்த இடம் பழுப்பாகி வெடிக்கும், காய் சிறுத்துப்போகும், மட்டை இறுகி உரிக்க வராது. கொஞ்ச காலத்திலேயே மலை தாண்டி நம் பக்கம் வந்தது. வேப்பெண்ணெய் தெளித்தும் வேர் வழியே மருந்து ஊட்டியும் நம் ஆட்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

பிறகு 2016. பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் தென்னை ஓலையின் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுருள் முட்டைகள். அது என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் அதன் நடுவில்தான் வளர்ந்திருக்கிறீர்கள். நடு அமெரிக்காவின் பெலீஸ் நாட்டில் கண்டெடுத்து 2004-ல் பெயர் வைத்த சுருள் வெள்ளை ஈ. ஓலையெல்லாம் பிசுபிசுத்து, அதன் மேல் கரும்பூசணம் படர்ந்து, தோப்புக்குத் தோப்பு கறுத்து நின்றது. பெலீஸிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு ஈ பறந்தே வந்துவிடாது. மனிதன் நகர்த்துகிற செடி, காய், ஓலை, பெட்டி, இவற்றோடு சேர்ந்துதான் கடல் தாண்டும்.

இவையாவது விளைச்சலைத்தான் குறைத்தன. பிலிப்பைன்ஸின் பிகோல் பகுதியில் கடாங்-கடாங் என்று ஒரு நோய். அதை உண்டாக்குவது வைரஸ்கூட இல்லை, வைரஸை விடச் சிறிய வைராய்டு, வெறும் 246 எழுத்து நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. வளையம். அது அந்த நாட்டில் கொன்ற தென்னைகள் 3 கோடிக்கு மேல். மருந்து கிடையாது. அரிதாக, மிக அரிதாக, விதைக்காய் வழியாகவும் அடுத்த தலைமுறைக்குப் போகும். அந்தக் காயைக் கையில் வைத்துப் பார்த்தால் நல்ல காயாகத்தான் இருக்கும். நோயுள்ள நாடுகளிலிருந்து தென்னை விதைக்காய் கொண்டுவர நம் சட்டம் தடை போட்டிருப்பது இதனால்தான். மற்றப் பனைகளிலும் இந்த வைராய்டு வாழக்கூடியது என்பதை உங்கள் அரை ஏக்கரையும் அப்பாவின் தோப்பையும் பிரிக்கும் வரப்பில் நின்று யோசித்துப் பாருங்கள்.

வெளியூர்க்காரனை மட்டும் குற்றம் சொல்வது நியாயமில்லை. சிவப்புக் கூன்வண்டு நம்முடையது. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் தென்னைக் குருத்தைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டு அது. 1980-களின் நடுவில் வளைகுடா நாடுகளின் பேரீச்சந்தோப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் எகிப்து, அங்கிருந்து அழகுக்காக வேரோடு பெயர்த்து ஏற்றிய வளர்ந்த மரங்களோடு ஸ்பெயின், பிறகு மத்தியதரைக் கடல் முழுக்க. தெருவோரம் தலைமுறை தலைமுறையாக நின்ற கேனரி ஈச்சைகள் குடை சாய்ந்தது போலக் கொண்டை தொங்கிச் செத்தன. அங்கே யாரோ ஒருவர் நம் வண்டைப் பற்றி, நான் மெக்ஸிகோ சிலந்தியைப் பற்றி எழுதுகிற அதே வலியோடு எழுதிக்கொண்டிருப்பார்.

சரி, முறையாக எப்படிக் கொண்டுவருவது என்று கேட்பீர்கள். 1914-ம் வருடத்து அழிபூச்சிகள் சட்டத்தின் கீழ் 2003-ல் போட்ட தாவரக் குவாரண்டைன் ஆணைதான் இதற்கு அடிப்படை. விதை பெட்டியில் வந்தாலும் தபாலில் வந்தாலும் கண்டெய்னரில் வந்தாலும் விதைக்க வருகிற விதைக்கு இரண்டு தாள் வேண்டும். ஒன்று, இங்கே நீங்கள் முன்கூட்டியே எடுக்க வேண்டிய இறக்குமதி பெர்மிட். மற்றொன்று, அனுப்புகிற நாட்டின் அரசுத் தாவரப் பாதுகாப்புத் துறை சோதித்துத் தருகிற தாவர நலச் சான்றிதழ். ஏற்றுமதிக்காரர்கள் ஃபைட்டோ என்பார்கள். விற்பவரே அச்சடித்துத் தருகிற 'சுத்தமான விதை' சீட்டு சான்றிதழ் ஆகாது. பெர்மிட் உங்கள் பெயரில் இருந்தால் உங்களுக்குத்தான், இன்னொருவருக்கு மாற்ற முடியாது.

பெர்மிட்டுக்கு எழுதுவதற்கு முன் ஆணையின் அட்டவணைகளைப் பாருங்கள். எந்த இனம், எந்த நாடு, என்ன நிபந்தனை என்று அங்கே இருக்கும். சில தடை செய்யப்பட்டவை, சில ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு மட்டும், சில கூடுதல் உறுதிமொழியோடு வரலாம். நீங்கள் கேட்கிற பனை பட்டியலிலேயே இல்லையென்றால், அதோடு என்னென்ன பூச்சியும் நோயும் வரக்கூடும் என்று ஆராய்ந்து முடிவெடுக்கும் வரை அது வராது. அதற்கு மாதக்கணக்கில் ஆகும். பட்டியலில் இருந்தால், பெர்மிட்டில் எழுதியிருக்கும் கூடுதல் உறுதிமொழியின் வாசகத்தை அப்படியே விற்பவருக்கு அனுப்பி, ஃபைட்டோவில் அதே சொற்கள் வரும்படி கேளுங்கள். நான் கண்டவரை, விதை திரும்பிப் போவதற்கும் எரிவதற்கும் பெரும்பாலும் காரணம் பூச்சி அல்ல, இந்த ஒரு வரி விடுபட்டதுதான். தாவரவியல் பெயரும் முழுதாக இருக்க வேண்டும். 'பனை விதை' என்று எழுதினால் சுங்கத்துக்கும் புரியாது, குவாரண்டைனுக்கும் புரியாது. சுங்கத்தில் விதைக்கும் விதைகளுக்கான தலைப்பு 1209. நல்ல சுங்க முகவர் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தாவரச் சரக்கு கையாண்டு பழகியவராக இருக்கட்டும். ஜவுளி இறக்கியே பழகியவர் உங்கள் விதையை ஜவுளி மாதிரியே காத்திருக்க வைத்துவிடுவார்.

காத்திருப்பில்தான் பனை விதையின் உயிர் போகிறது. பேரீச்சங்கொட்டை உலர்ந்து கிடந்தாலும் உயிர் வைத்திருக்கும். இஸ்ரேலின் மசாடா கோட்டை இடிபாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டு பழைய கொட்டை ஒன்றை 2005-ல் விதைத்து முளைக்க வைத்தார்கள். ஆனால் மழைக்காட்டுப் பனைகள் அப்படியல்ல. உலர்த்தினால் செத்துவிடும், குளிரில் வைத்தாலும் செத்துவிடும். சில இனங்களுக்குச் சில வாரங்கள்தான் ஆயுள். ஈரத்தோடு வர வேண்டும், ஈரம் என்றால் பூஞ்சை, பூஞ்சை என்றால் சோதனையில் சந்தேகம். ஒருமுறை எனக்கு வந்த விதை, எல்லாத் தாளும் சரியாக இருந்தும், பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் வந்து இறங்கியது. அது யார் தப்பும் இல்லை, நாள் பார்க்காதது என் தப்பு. கையில் கிடைத்தபோது பையைத் திறந்ததுமே புளித்த வாடை.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது. முதலில் பெர்மிட். அது கையில் வந்த பிறகுதான் மரத்தில் பழம் எப்போது பழுக்கும் என்று விசாரிப்பேன். பழத்தின் சதை ஒரு நார் இல்லாமல் போகும்வரை கழுவச் சொல்வேன். சதைதான் ஈயையும் பூஞ்சையையும் அழைத்து வருவது. தண்ணீரில் மிதக்கிற விதையைக் கழித்துவிடச் சொல்வேன், துளை விழுந்ததும் பொக்கானதும் பெரும்பாலும் அதில் அடங்கிவிடும். மண் ஒரு சிட்டிகைகூட ஒட்டியிருக்கக் கூடாது. வைக்கோலிலோ பாசியிலோ பொதியக் கூடாது. லேசாக ஈரம் காட்டிய வெர்மிகுலைட்டில் பொதிந்து, வாரத் தொடக்கத்தில் இறங்கும்படி விமானத்தில் அனுப்பச் சொல்வேன். புகையூட்டத் தேவைப்படுமா என்று முன்பே கேட்டுக்கொள்வேன். மீத்தைல் புரோமைடு வாயு ஓசோன் படலத்துக்குக் கேடு என்று மற்றப் பயன்களிலிருந்து விலக்கப்பட்டு, குவாரண்டைனுக்கு மட்டும் விதிவிலக்காக இன்னும் இருக்கிறது. ஈரம் மிகுந்த உயிர்விதைக்கு அந்தப் புகை கருவையே பாதிக்கலாம். வெளியே துளை தெரியாத விதைக்குள்ளும் புழு இருக்கும் என்பதால் டில்லியில் உள்ள தேசியத் தாவர மரபுவளப் பணியகத்தில் விதைகளை மென்கதிர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறார்கள். விதையைப் பிளக்காமலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். அந்த எக்ஸ்ரே வசதி விதை இறங்குகிற ஒவ்வொரு துறைமுகத்திலும் விமான நிலையத்திலும் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த ஏற்பாடு கப்பல் சரக்குக்காகச் செய்தது. 200 டன் பருப்பு இறக்குபவரும் 20 பனை விதை கேட்கும் பள்ளி ஆசிரியரும் ஏறக்குறைய ஒரே படியில் ஏற வேண்டியிருக்கிறது. சின்ன அளவுக்கு, தோட்டக்காரர்களுக்கு, எளிய படிவமும் விரைவான சோதனை மேசையும் இருந்தால் காலுறை வழி தானாகக் குறையும். சோதனையைத் தளர்த்தச் சொல்லவில்லை. வேகமாகச் செய்யுங்கள் என்று கேட்கிறேன். நீங்களும் இதை எழுதுங்கள், நாலு பேர் எழுதினால்தான் காதில் விழும்.

மடகாஸ்கருக்கு மறுபடி வருகிறேன். அந்தத் தீவின் பனைகள் ஏறத்தாழ 200 இனம், கிட்டத்தட்ட எல்லாமே வேறெங்கும் இல்லாதவை. 2012-ல் கணக்கெடுத்தபோது அவற்றில் 83 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருந்தன. காடு எரிகிறது, குருத்துக்காக மரத்தையே சாய்க்கிறார்கள். பனைகளில் சில, அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் பட்டியலில் உள்ளவை. பொதுவாக அதன் இரண்டாம் பட்டியல் தாவரங்களின் விதைக்கு விலக்கு உண்டு. ஆனால் நீங்கள் ஆசைப்பட்டு எழுதியிருக்கும் முக்கோணப் பனைக்கு, மடகாஸ்கரிலிருந்து வரும் விதைக்கு, அந்த விலக்குக் கிடையாது. 2022-ல் திருத்திய நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் இப்போது சைட்டிஸை உள்ளடக்குகிறது. ஆக உங்கள் நண்பரின் காலுறையில் இருக்கப்போவது இரண்டு சட்டத்தை மீறிய விதை. மாட்டிக்கொண்டால் வேலை நிமித்தம் போன அவர் பாஸ்போர்ட்டோடு நிற்க வேண்டியிருக்கும்.

அதே தீவிலிருந்து நேர்வழியில் வந்த ஒரு விதையின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். வடமேற்கில் ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடியில், முந்திரித் தோட்டம் நடத்திய ஒரு குடும்பம் நடந்துபோகும்போது, உச்சியில் பிரமிடு போலப் பூத்து நின்ற ஒரு மாபெரும் பனையைப் பார்த்தது. படத்தைப் பார்த்த கியூ தாவரவியல் தோட்டத்துப் பனை அறிஞர் ஜான் டிரான்ஸ்ஃபீல்டு, அது அறிவியல் அறியாத மரம் என்று கண்டு, 2008-ல் தஹினா ஸ்பெக்டாபிலிஸ் என்று பெயரோடு வெளியிட்டார். விசிறி இலை 5 மீட்டர் அகலம். ஒருமுறை பூத்துக் காய்த்ததும் மரம் செத்துவிடும். அப்போது இருந்தவை நூறுக்கும் குறைவு. செய்தி பரவினால் விதைத் திருடர்கள் வருவார்கள் என்ற பயம் இருந்தது. அதனால் முறையாகச் சேகரித்த விதைகளை உலகத்துத் தாவரவியல் தோட்டங்களுக்குக் கொடுத்து, ஒரு பகுதியை வியாபாரி வழியாக வெளிப்படையாக விற்று, வந்த பணத்தை அந்த ஊர்க்காரர்களுக்கே போகும்படி செய்தார்கள். ஊர்க்காரர்கள் குழு அமைத்து மரங்களைக் காக்கிறார்கள். அப்படி விற்ற விதையை வாங்கியவர் தன் தோட்டத்துக்கு ஒரு மரத்தையும், தொலைவில் ஒரு காட்டுக்கு ஒரு காவலாளியையும் வாங்கியிருக்கிறார். எங்கே பறித்தது, யார் பறித்தது என்று சொல்லமாட்டாத விதையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

பொறுமை இந்த மரங்களோடு வாழ்வதில் பாதி. கடல் தேங்காய் நம் நாட்டு மருந்துக் கடைகளில் காலங்காலமாக இருக்கும் பொருள். அது செய்ஷெல்ஸ் தீவுகளின் பனை, உலகிலேயே பெரிய விதை. கொல்கத்தாவை அடுத்த ஹௌரா தாவரவியல் பூங்காவில் 1894-ல் அதன் விதையை ஊன்றினார்கள். 1988-ல்தான் பூத்தது. பெண் மரம், துணைக்கு ஆண் மரம் இல்லை. கடைசியில் தாய்லாந்திலிருந்து வந்த மகரந்தம் தூவிக் காய் பிடித்தது. நட்டவர்கள் யாரும் அந்தக் காயைப் பார்க்கவில்லை. நீங்கள் பெர்மிட்டுக்காக ஆறு மாதம் காத்திருக்க வேண்டியிருந்தால் அந்த மரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கிற காலத்தில் உங்கள் அரை ஏக்கர் சும்மா கிடக்க வேண்டாம். என் தோட்டத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், கோயில் நிலத்தில் ஒரு தாளிப்பனை நிற்கிறது. நம் முன்னோர் ஏடு எழுதிய ஓலை அதுவும்தான். தாவர உலகிலேயே பெரிய பூங்கொத்து அதனுடையது. வாழ்நாளில் ஒரே ஒருமுறை பூக்கும், காய் முதிர ஏறத்தாழ ஒரு வருடம், பிறகு மரம் சாயும். அந்த மரம் போன வருடம் பூத்தது. காய் உதிரத் தொடங்கிவிட்டது. ஆயிரக்கணக்கில் கீழே கிடக்கிறது, பொறுக்க ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு ஒரு சாக்கோடு வாருங்கள். வரும்போது அப்பாவையும் கூட்டி வாருங்கள். அவர் தோப்பில் வேர்வாடல் நோய் வந்திருப்பதாக எழுதியிருந்தீர்களே, அதைப் பற்றி அவரிடம் நேரில் பேச வேண்டும். உங்கள் தோப்பில் போட்ட செருப்பைக் கழுவிவிட்டு வாருங்கள், திரும்பிப் போகும்போது என் வாசலிலும் ஒருமுறை கழுவிக்கொள்ளலாம். விதையை இங்கேயே சதை நீக்கி ஊறப்போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்